காற்றெடுத்த பின்னேரம்

பேய், பிசாசு, ஆவி என்பவற்றில் எனக்கு எக்காலத்திலும் நம்பிக்கை இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு, முதுமையில் இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நீங்கள் முடிவுகட்டக் கூடும். நான் நெடுங்காலம் தமிழும் சைவசித்தாந்தமும் கற்பித்தவன். உடலை நீங்கிய உயிர் தன் வினைக்கேற்ப வேறோர் உடலைத் தேடிச் செல்கிறது என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தேனேயன்றி, அது புளியமரத்தில் தங்கி நிற்கிறது என்று ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஊரில் யாராவது அத்தகைய கதையைத் தொடங்கினால், மரியாதைக்கு ஒரு கணம் இருந்துவிட்டு, வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துவிடுவேன். இன்று நீங்களும் அவ்வாறே எழுந்து போனால் உங்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன்; நம்புவது உங்கள் விருப்பம்.

நெல்லியடியிலிருந்து சற்று உள்ளே இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு மொறிஸ் மைனர் நிற்கிறது. என் வயதுக்கு ஓரளவு கிட்டிய வயது அதற்கும். பொருட்தடையால் புதிய வண்டி எதுவும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வராதிருந்த ஆண்டுகளில், இருந்தவற்றையே கழற்றிக் கழுவிப் பூட்டி ஓடினோம். பெற்றோல் இல்லாதபோது மண்ணெண்ணெயில் ஓடினோம். ஆகையால் எங்கள் பக்கத்தில் கார் வைத்திருந்த ஒவ்வொருவனும் அரை மெக்கானிக் ஆனான். நானும் ஆனேன். என் மகன் இளம்பரிதி முழு மெக்கானிக்காகவே ஆகிவிட்டான், படித்தது கணிதமாயினும்.

தூய சொல் தேடி எழுதும் வழக்கமுடையவன் நான். ஆயினும் இவ்விடத்தில் பிறேக்கைப் பிறேக் என்றும் பெடலைப் பெடல் என்றுமே எழுதுகிறேன். அன்று கார் நிற்கும் கொட்டிலுக்குள் அந்தச் சொற்களே வழங்கின.

பிறேக்கின் உறுப்புகளைக் கழற்றிப் புதியவற்றைப் பூட்டினால், ஒயில் ஓடும் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிடும். காற்று உள்ளே இருக்கும்வரை பெடல் பஞ்சுபோல அமுங்கும், வண்டி நில்லாது. அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சாரதி இருக்கையில் இருந்து பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரச் சில்லுக்கருகில் கிடந்து, அங்குள்ள நிப்பிள் என்னும் சிறு திருகைத் தளர்த்துவார். குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும். நிப்பிளை மீண்டும் இறுக்கும்வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளியே போன காற்று அப்படியே உள்ளே திரும்பிவிடும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. கீழே கிடப்பவர் "மிதி" என்பார், "பிடி" என்பார், "விடு" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

எங்கள் வீட்டில் கீழே கிடப்பவன் நான். மேலே இருப்பவன் பரிதி. கால் பெடலுக்கு எட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவன்தான் மிதித்தான். வேறு யார் மிதித்தாலும் ஒருமுறையாவது அவசரப்பட்டுக் காலை எடுத்துவிடுவார்கள். அவன் எடுத்ததில்லை. "பிடி" என்றால் வாயால் மறுமொழி சொல்லமாட்டான். மற்றக் குதிக்காலால் வண்டியின் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவான். பிடித்திருக்கிறேன் என்பது அதன் பொருள். நான் இறுக்கி முடித்து "விடு" என்று சொல்லும்வரை கல்லுப்போல இருப்பான்.

அவன் வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கப் போனான். யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதை பூட்டுப்பட்டது. அதன்பின் கடைசிப் போர் வந்தது. போர் முடிந்தபின் முகாம் முகாமாகத் தேடினோம். அவனைக் கண்டதாகச் சொன்னவர்கள் சிலர் இருந்தார்கள்; ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தைச் சொன்னார்கள். ஓர் இடத்திலும் அவன் இல்லை. என் மனைவி அவனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தொலைத்த மற்றத் தாய்மாரோடு தெருவோரத்தில் இருந்தாள். முழங்கால் இரண்டும் ஓய்ந்தபின் வீட்டிலேயே இருந்து காத்தாள். இன்றுவரை எங்கள் வாசல் படலைக்கு இரவில் பூட்டுப் போடுவதில்லை. போட அவள் விடமாட்டாள்.

லண்டனில் இருக்கும் மகள் தேன்மொழி சென்ற ஆண்டு விடுமுறையில் வந்தபோது, நாங்கள் மூவரும் அதுவரை வாயெடுக்காத கதையை எடுத்தாள். அண்ணனுக்குச் செய்யவேண்டிய கிரியையைச் செய்துவிட வேண்டும் என்றாள். உடல் கிடையாதவர்க்குத் தருப்பையால் உருவம் செய்து தகனம் செய்யும் முறை உண்டு. கடலோரத்துக் கீரிமலையில் செய்யலாம் என்று ஐயரும் சொல்லியிருந்தார்.

"அப்பாக்குப் பிறகு ஆர் அம்மா செய்யுறது? நான் பொம்பிளைப்பிள்ளை. என்னைச் செய்ய விடுவினமோ? அப்பா நடமாடேக்கை செய்தாத்தான் உண்டு," என்றாள்.

அவள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அக்கிரியையைச் செய்வதென்றால், அவன் இறந்தான் என்று உலகில் எவரும் எங்களுக்குச் சொல்லாத ஒன்றை நாங்களே சொல்லிவிடுகிறோம் என்பதாகும். தாய் அதன்பின் படலையைப் பூட்டவேண்டும். நான் சம்மதித்தேன். மனைவி மூன்று நாள் பேசாமலிருந்தாள். நான்காம் நாள் காலை, அரிசி களைந்துகொண்டே சொன்னாள்:

"செய்யுறதெண்டால் செய்யுங்கோ. ஆனா நான் வாடகை வானிலை வரமாட்டன். அவன்ரை காரிலைதான் வருவன்."

நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டி அது. எஞ்சின் ஒரே சுழற்றலில் உயிர்பெற்றது. பிறேக் முற்றாகப் போயிருந்தது. சிலிண்டர்களும் ரப்பர்களும் புதியவை தேவைப்பட்டன. எத்தனையோ வருடமாக அந்த வண்டியைப் பற்றி நான் தொலைபேசியில் புலம்பியதைக் கேட்டுக் கேட்டு, தேன்மொழி அவற்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். என்னிடம் படித்த யோகன் நெல்லியடியில் கராச் வைத்திருக்கிறான். அவன் வந்து எல்லாவற்றையும் பூட்டினான். காற்று மட்டும் எடுக்கவேண்டியிருந்தபோது அவனுக்குத் தொலைபேசி வந்தது.

"சேர், மாமா மோசம் போட்டார். நான் சாவகச்சேரிக்குப் போகவேணும். செத்தவீடு முடிய ஓடி வந்து காத்து எடுத்துத் தாறன்."

"நீர் அதைப் பாரும். இதை நான் பார்த்துக்கொள்ளுவன்," என்றேன்.

"தனிய ஏலாது சேர்."

"எனக்குத் தெரியாததே?"

அவன் தயங்கித் தயங்கிப் போனான். மறுநாள் கழிய அடுத்த நாள் கீரிமலைக்குப் போக நாள் குறித்தாயிற்று. தேன்மொழி கிரியைக்கு வேண்டிய பொருள்கள் வாங்க யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் மனைவியும் மாத்திரம். மதிய உணவு முடிந்து, வெயில் கொட்டிலின் வாசல்வரை வந்து நின்ற நேரம். பட்டப்பகல். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் இருட்டில் மயங்கினேன் என்று சொல்ல இடமில்லை.

நான் சாக்கை விரிப்பதைப் பார்த்துவிட்டு மனைவி கொட்டில் வாசலுக்கு வந்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? இந்த வயதிலை காருக்குக் கீழை படுத்து ஆருக்கு வித்தை காட்டப் போறியள்?"

"காத்து எடுக்காட்டி நாளையிண்டைக்கு வண்டி கீரிமலையிலை நிக்காது. நேரே கடலுக்கைதான்."

"அப்ப நான் ஏறியிருந்து மிதிக்கட்டே?"

"உம்மடை முழங்காலை வைச்சுக்கொண்டு ஹோர்னை மட்டும்தான் அமத்தலாம்."

அவள் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அது ஒன்றுதான். "விழுந்து கிடந்தால் தூக்க என்னாலை ஏலாது, சொல்லிப்போட்டன்," என்றுவிட்டுக் குசினிக்குப் போனாள். கொட்டிலுக்கும் குசினிக்கும் நடுவே ஒரு மாதுளையும் கிணற்றடியும்தான். பாத்திரம் வைக்கும் ஓசைகூடக் கேட்கும்.

தனியொருவர் காற்றெடுக்கவும் ஒரு வழி இருக்கிறது. நிப்பிளில் சிறு குழாய் ஒன்றை மாட்டி, அதன் மறுமுனையை ஒயில் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்திவைத்தால், காலை எடுக்கும்போது காற்றுக்குப் பதிலாக ஒயில்தான் திரும்பப் போகும். பயன் முழுமையாக இராது, ஓரளவு இருக்கும். யோகன் விட்டுப்போன சேலைன் குழாயையும், ஒயில் தொட்டியை நிரப்பி அவன் மிச்சம் வைத்த ஒயில் உள்ள ஒரு சோடாப் போத்தலையும் எடுத்துக்கொண்டேன். வண்டியின் நான்கு சில்லையும் கழற்றிக் கட்டைமேல் நிறுத்தியிருந்தான். எப்போதும் தூரத்துச் சில்லில் தொடங்கவேண்டும். ஆகவே பின்பக்கத்து இடப்பக்கம். தளர்த்துவதும், எழுவதும், சுற்றிப்போய் இருக்கையில் ஏறி மிதிப்பதும், இறங்குவதும், மறுபடி படுத்துப் போத்தலைப் பார்ப்பதுமாகச் சில தடவை செய்தேன். குமிழி நிற்கவில்லை. மூச்சு வாங்கியது. இடுப்பு விட்டுப்போயிற்று. சாக்கில் அப்படியே மல்லாந்து கிடந்துவிட்டேன்.

கிடந்தபடி, எண்ணாமல், யாரையும் நினையாமல், வாய்ப்பழக்கத்தில், "மிதி" என்றேன்.

போத்தலுக்குள் குமிழி ஓடியது.

மொறிஸ் மைனரின் அமைப்பை அறிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதில் பெடலின் தண்டு தரையைத் துளைத்துக்கொண்டு கீழே வருகிறது. வண்டிக்குக் கீழே கிடப்பவனுக்கு, மேலே மிதிக்கும்போது அத்தண்டு அசைவது கண்ணுக்குத் தெரியும். நான் தலையைத் திருப்பினேன். தண்டு முழுதாகப் போய் நின்றது. யாரோ மிதித்துப் பிடித்திருக்கிறார்கள்.

மனைவிதான் நான் படும்பாட்டைப் பார்க்கமாட்டாமல் வந்து ஏறிவிட்டாள் என்று நினைத்தேன். வேறெதை நினைப்பது? "முழங்கால் நோகப்போகுது, போய் இரும்," என்றேன். பதில் இல்லை. தண்டு அசையவுமில்லை. சரி, ஏறியதுதான் ஏறினாள், ஒரு சில்லாவது முடியட்டும் என்று எண்ணி, "பிடி" என்றேன்.

மேலே, வண்டியின் தரையில், குதிக்கால் இரண்டு தட்டுத் தட்டியது.

என் கையிலிருந்த ஸ்பனர் நழுவி நெஞ்சின்மேல் விழுந்தது. அதே கணத்தில் குசினியில் ஏதோ ஒரு பாத்திரத்தின் மூடி வைக்கப்படும் ஓசையும் கேட்டது. மனைவி குசினியில் இருந்தாள்.

அச்சம் வந்ததா என்று கேட்பீர்கள். பின்னொருநாள் உண்மையைச் சொன்னபோது தேன்மொழியும் அதைத்தான் கேட்டாள். உண்மையைச் சொல்கிறேன், வரவில்லை. நிப்பிள் திறந்திருக்கிறது, அவன் பிடித்துக்கொண்டிருக்கிறான், நான் இறுக்கவேண்டும் என்பதுதான் வந்தது. இறுக்கினேன். "விடு" என்றேன். தண்டு மெல்ல எழுந்து தன் இடத்துக்கு வந்தது.

நான் எழுந்து பார்க்கவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தேன்மொழி ஏற்றுக்கொள்வதில்லை. எழுந்து நான்கடி நடந்தால் கண்ணாடியூடாக இருக்கை தெரியும். ஆனால் நான் பார்த்து அங்கே ஒருவரும் இல்லாவிட்டால் அது முடிந்துவிடும். இருந்தாலோ, அதைப் பற்றி எண்ணவும் என்னால் முடியவில்லை. கீழே கிடக்கும்வரை அவன் மேலே இருக்கிறான். அவ்வளவு கணக்கு எனக்குப் போதுமாக இருந்தது.

சாக்கை இழுத்து இழுத்து, எழாமலே, வண்டிக்குக் கீழாக அடுத்த சில்லுக்குப் போனேன். மிதி. பிடி. இரண்டு தட்டு. விடு. மூன்றாவது சில்லு. நாலாவது, சாரதிப் பக்கத்து முன்சில்லு. அங்கே கதவு திறந்து கிடந்தது. கழுத்தைச் சற்றுத் திருப்பினால் பெடலின்மேல் இருக்கும் பாதம் தெரியும் தூரம். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் தடவித் தடவி நிப்பிளைத் திறந்தேன்.

குழாயில் ஒரு குமிழியும் இல்லை. ஒயில் தெளிந்த நீர்போல வந்தது. காற்று முழுவதும் போய்விட்டது. வேலை முடிந்தது.

வேலை முடிந்தால் "சரி, இறங்கு" என்று சொல்வது எங்கள் வழக்கம். என் வாய் அதைச் சொல்லவில்லை. மீண்டும் பின்பக்கத்து இடச் சில்லுக்கு நகர்ந்தேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். காற்றில்லாத குழாயிலிருந்து காற்றெடுத்தேன். போத்தல் நிறைந்தது, பக்கத்தில் இருந்த வாளிக்குள் ஊற்றிவிட்டு மறுபடி பிடித்தேன். சாரதியின் காலடியில் தரைவிரிப்புக்குக் கீழே இருக்கும் தொட்டியில் இடைக்கிடை ஒயில் நிரப்பாவிட்டால் அது வற்றி, செய்த வேலை முழுவதும் பாழாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். நிரப்புவதற்கு எழவேண்டும். நான் எழவில்லை. ஆனால் ஒயில் வந்துகொண்டேயிருந்தது.

இடையில் அவனோடு கதைத்தேன். நாளை மறுநாள் கீரிமலைக்குப் போவதைச் சொன்னேன். "உன்ரை கொம்மா இந்தக் காரிலைதான் வருவாவாம்," என்றேன். "நாங்கள் செய்யட்டே தம்பி? செய்யாமல் விடட்டே?" என்று கேட்டேன். மேலே ஓசையில்லை. தட்டு இல்லை. ஒருகால் போய்விட்டானோ என்று அறிய, "மிதி" என்றேன். தண்டு அசைந்தது. மறுபடி கேட்டேன். மறுபடி ஓசையில்லை. அந்த மூன்று சொல்லுக்கு மாத்திரமே அவன் கால் மறுமொழி சொன்னது. ஆகவே நான் அவற்றையே சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாசலில் நின்ற வெயில் பின்வாங்கி மாதுளைக்கு அப்பால் போயிருந்தது.

அப்போது மனைவியின் கால் இரண்டும் கொட்டில் வாசலில் தெரிந்தன. மெல்ல, நோவோடு, ஆனால் அவசரமாக வந்தாள்.

"என்னப்பா, இவ்வளவு நேரமே? பிள்ளை களைச்சுப் போவான். தேத்தண்ணி ஆறப்போகுது, ரெண்டு பேரும் வந்து குடியுங்கோ."

நான் வெளியே ஊர்ந்து வந்தேன். அவள் கையில் தட்டு இருந்தது. தட்டில் இரண்டு கோப்பை. ஒன்று எனக்கு, சீனி இல்லாதது. மற்றது பால் விட்டு, நுரை ததும்ப ஆற்றியது. அந்த வீட்டில் அப்படி ஒரு தேநீர் ஆற்றப்பட்டு எத்தனையோ ஆண்டுகள்.

இருக்கை வெறுமையாக இருந்தது. பெடல் மேலே வந்து தன் இடத்தில் நின்றது.

அவள் வண்டிக்குள் குனிந்து பார்த்தாள். பின்னாசனத்தைப் பார்த்தாள். கொட்டிலின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"எங்கை அவன்?"

"ஆர்?"

"விளையாடாதையுங்கோ. எங்கை பிள்ளை?"

அவள் முகத்தில் ஒரு மாற்றம் வந்ததைக் கண்டேன். கொட்டிலுக்கு வரும்வரை அவளுக்கு ஒன்றும் நினைவில் இல்லை. போர், முகாம், தெருவோரம், கீரிமலை ஒன்றும் நினைவில் இல்லை. ஏதோ ஒரு பழைய சனிக்கிழமைப் பின்னேரம் தகப்பனும் மகனும் காருடன் மினைக்கெடுகிறார்கள் என்று தேநீர் ஆற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போது எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அவள் கண்ணில் நின்றன. நான் தட்டை வாங்கி வண்டியின் முன்பக்கப் பொனற்றின்மேல் வைத்தேன்.

"அவன்ரை குரல் கேட்டது," என்றாள். "நீங்கள் பார்த்தனீங்களோ?"

"நான் கீழை கிடந்தனான்."

"ஏன் எழும்பிப் பார்க்கேல்லை?"

அவள் படலைவரை நடந்தாள், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள், திரும்பி வந்து பொனற்றின்மேல் ஆறிக்கொண்டிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தேன்மொழி பொழுதுபட வந்தாள். கையிலிருந்த பைக்குள் தருப்பையும் எள்ளும் வெள்ளைத்துணியும் இருந்தன. தாய் அவற்றை வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை.

"கொண்ணன் வந்தவன். உதுகளைக் கொண்டுபோய் எங்கையாவது போடு."

"அம்மா, வந்தவன் எண்டால் எங்கை? உங்களைப் பாராமல் போவானோ?"

"அவசரமாப் போயிருப்பான்."

"அப்ப அது..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். அவள் சொல்லவந்தது எல்லாருக்கும் விளங்கியது.

"செத்தவன் வந்து பிறேக் மிதிப்பானோடி?" என்று தாய் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. "சொல்லன். உன்ரை லண்டனிலை ஆரும் அப்பிடி மிதிச்சவையோ?"

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்கோ. உங்களுக்கு உதுகளிலை நம்பிக்கை இல்லையே."

இங்கேதான், ஐயா, என் படிப்பு முழுவதும் எனக்கு எதிராக எழுந்து நின்றது. என் தலைக்கு மேலே நடந்த அந்த ஒன்றே தாய்க்கு அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்குச் சான்று. எனக்கோ அவன் இல்லை என்பதற்கு அதைவிட உறுதியான சான்று வேறில்லை. படலை திறந்த ஓசை இல்லை, கொட்டிலிலிருந்து இறங்கிப்போன அடி இல்லை. கால் வந்தது, ஆள் வரவில்லை. உயிரோடிருப்பவன் அப்படி வரமாட்டான். நடந்ததை நம்பினால் மகனை விடவேண்டும். மகனை வைத்திருக்கவேண்டுமானால் நடந்ததை மறைக்கவேண்டும். பேயில் நம்பிக்கை இல்லை என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவன், அதே சொல்லை அன்று மனைவிக்காகச் சொன்னேன்.

"எனக்கு உதுகளிலை நம்பிக்கை இல்லைப் பிள்ளை. வந்தவன்தான் வந்தவன். அவசரமாப் போட்டான்."

தேன்மொழி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கீரிமலைக்கு நாங்கள் போகவில்லை. ஐயருக்குத் தொலைபேசியில் சுகயீனம் என்று சொன்னேன். விமான நிலையத்துக்குப் புறப்படும் நாளில் மகள் தாயைக் கட்டிப்பிடித்து அழுதாள். எதற்காக அழுகிறாள் என்று தாய் கேட்கவில்லை.

யோகன் செத்தவீடு முடிந்து வந்து வண்டியில் ஏறிப் பெடலை மிதித்தான். கால் பாதி தூரம் போகுமுன் நின்றுவிட்டது.

"கல்லு மாதிரி இருக்கு சேர். ஆர் மிதிச்சது?"

"வீட்டிலை ஆள் இருந்தது."

அவன் தரைவிரிப்பைத் தூக்கித் தொட்டியைத் திறந்து பார்த்தான். விளிம்புவரை ஒயில். பிறகு, மேலதிகமாக வாங்கிச் சுவர்த்தட்டில் வைத்திருந்த புதிய ஒயில் தகரத்தை எடுத்தான். அது வாங்கிவந்தபடியே, மூடியின் முத்திரை உடையாமல் இருந்தது. வாளிக்குள் எட்டிப் பார்த்தான். அதில் கிடந்த ஒயிலைக் கண்டு, "இந்தக் காருக்கு இவ்வளவு ஒயில் பிடிக்காதே சேர்," என்றான். போகும்போது வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

இவ்வளவுதான் என்று எண்ணி, இதை நான் எனக்குள் ஒருவாறு அடுக்கிவைத்திருந்தேன். இதற்குப் பல மாதத்தின் பின், ஒரு மழைநாள் காலை, மனைவி முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்து தினசரி பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுடைய குரல் கேட்டது என்றாளே, என்ன சொன்னான் என்று அன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்கப் பயம். அன்று ஏனோ கேட்டேன்.

"ஏன், உங்களுக்குக் கேக்கேல்லையே?" என்றாள்.

"இல்லை. குதிக்கால் தட்டுத்தான் கேட்டது."

அவள் இலையை உருவிய கை நின்றது.

"பகிடி விடாதையுங்கோ. உங்களோடைதானே கதைச்சவன். எனக்கு அடுப்படியிலை நிண்டு கேட்டது. 'காணும் அப்பா, போதும், எழும்புங்கோ... காணும் அப்பா, என்னை விடுங்கோ' எண்டு எத்தினை தரம் சொன்னவன். நீங்கள் கேளாத ஆள் மாதிரி 'மிதி, மிதி' எண்டு கொண்டு கிடந்தியள். அதுதான் நானே எழும்பி வந்தனான். பிள்ளை களைச்சுப் போவான் எண்டு."

சொல்லிவிட்டு அவள் மீண்டும் இலையை உருவத் தொடங்கினாள்.

எனக்குச் செவி நன்றாகக் கேட்கும். அன்று குழாயில் ஒயில் ஓடியது கேட்டது. குசினியில் மூடி வைத்தது கேட்டது. தலைக்கு மேலே குதிக்கால் தட்டியது கேட்டது. அவன் என்னிடம் கேட்டது மாத்திரம் ஏன் கேட்கவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.